காதல் நாவல்களைக் கழித்துக்கட்டாதீர்கள்

பெங்களூரில் நன்கொடைப் புத்தகங்களைத் தரம் பிரித்து அனுப்பும் நூலகர் நான். அல்சூர், லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வருகின்றன. காலாவதியான நுழைவுத் தேர்வு வழிகாட்டிகளும், ஒரு தொகுதி மட்டும் மிஞ்சிய கலைக்களஞ்சியமும் பெருமையோடு வந்து சேரும். அந்த வீட்டுப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் வாங்கிப் படித்த மாத நாவல்கள் மட்டும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. தப்பி வந்தாலும், "இதையெல்லாமா தானம் கொடுப்பது?" என்று யாராவது முகம் சுளிக்கிறார்கள்.

எனக்கு இதில் கோபம் உண்டு. சீர்காழிக்காரர், பெங்களூரில் வாழ்ந்து 1972-இல் மறைந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் 1931-இல் தந்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்; ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். காதல் கதை படிப்பவர் நீங்கலாக என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

எங்கள் பெட்டிகள் பெரும்பாலும் போவது அரசு மருத்துவமனை வார்டுகளுக்கு. நோயாளிக்குத் துணையிருக்கும் பெண் பத்து நிமிடம் படிப்பார். பெயரைக் கூப்பிட்டால் ஓடுவார். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கதை சுபமாக முடியும் என்று முன்பே தெரிந்திருப்பது அவருக்கு ஆறுதல். வேறு எதன் முடிவும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நேரம் அது.

இந்த ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பள்ளிப் படிப்பை முடித்து, தமிழ் எழுத்தை அம்மாவிடம் கற்ற பெண்கள் இங்கே ஏராளம். மாமியாருக்குத் துணையாக வந்திருந்த ஸ்ரீராமபுரத்துப் பெண் ஒருவர், விரலை வரிமேல் ஓட்டி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். உரையாடல்களை மட்டும் படித்துவிட்டு நீளமான பத்தியைத் தாண்டிப் போனார். கதை புரியாமல் திரும்பி வந்து அதையும் படித்தார். அடுத்த வாரம், "இவர் எழுதியது வேறு இருக்கிறதா, மேடம்?" என்று கேட்டார். நாங்கள் அனுப்பிய தன்னம்பிக்கை நூல்களை யாரும் அப்படித் தேடி வந்ததில்லை.

கதாநாயகன் கைநீட்டுவதையும் காதல் என்றே எழுதிய பழைய கதைகள் சில உண்டு. எனக்கு அவை பிடிக்காது. அதற்காக ஒரு வகை எழுத்தையே எடைக்குப் போடுவது நியாயமில்லை.

கழிக்க வேண்டியவற்றைக் கழியுங்கள். பூஞ்சை பிடித்தவை, கரையான் அரித்தவை வார்டுக்குள் போகக் கூடாது. துருப்பிடித்த பின்னைப் பிடுங்கிவிட்டு நூலால் தைத்துக் கொடுங்கள். கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். கல்யாணம் நடக்கும் பக்கம் இல்லாத நாவலை யாருக்கும் கொடுக்க முடியாது. அட்டைப்படம் கூச்சமாக இருந்தால் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, தலைப்பை எழுதிவிடுங்கள். அம்மாவின் அலமாரியை ஒழிக்கும்போது இவற்றைத் தனிக் கட்டாகக் கட்டி, மேலே 'நாவல்' என்று எழுதி அனுப்பினால் எங்களுக்குத் தரம் பிரிக்கும் வேலை மிச்சம்.