லாங்யர்பியெனுக்கு ஒன்றேகால் மணி நேரமா?

வடதுருவப் பக்கம் போக விரும்பி எங்கள் பயண அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கணக்கோடுதான் வருகிறார்கள். வட நார்வேயின் ட்ரொம்சோவிலிருந்து ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லாங்யர்பியெனுக்கு 960 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டினால் கிடைக்கும் விடை இது. தூரம் சரிதான், சென்னை–மும்பை வான்வழியைவிடச் சற்றுக் குறைவு. நேரத்தை மட்டும் நம்பாதீர்கள்.

தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் போன்ற ஒரே வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. விமானம் அந்த வேகத்தை எட்டுவது உயரத்துக்குப் போன பிறகுதான். ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது, குளிர்காலத்தில் இறக்கையில் படிந்த பனியை நீக்கத் திரவம் பீய்ச்சுவது எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

வரைபடத்தைப் பார்த்து மிரளுகிறவர்களும் உண்டு. வழக்கமான தட்டை வரைபடம் 78 பாகை அட்சரேகையில் நிலத்தை ஏறக்குறைய ஐந்து மடங்கு நீட்டிக் காட்டுகிறது. அந்தப் பயம் தேவையில்லை.

பயப்பட வேண்டியது மூடுபனிக்கும் பக்கவாட்டுக் காற்றுக்கும்தான். லாங்யர்பியென் விமான நிலையம் 1975இல் திறக்கப்பட்டது. நிரந்தர உறைமண்மீது, மலைகளுக்கும் கடற்கழிக்கும் நடுவே ஒற்றை ஓடுபாதை. 1996 ஆகஸ்ட் 29 அன்று அங்கே இறங்க வந்த ரஷ்ய விமானம் ஒன்று, ஓடுபாதையின் நேர்க்கோட்டிலிருந்து விலகி அருகிலிருந்த மலையில் மோதியது. அதில் இருந்த 141 பேரும் இறந்தார்கள். இறங்க முடியாவிட்டால் பக்கத்து ஊருக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்றால், பயணிகள் ஜெட் இறங்கக்கூடிய பக்கத்து ஊரே கிடையாது. அதனால் திரும்பி வருவதற்கான எரிபொருளையும் சுமந்துகொண்டே கிளம்புகிறார்கள். வானிலை விடாவிட்டால், மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்துவிட்டு மீண்டும் ட்ரொம்சோவிலேயே இறங்குவீர்கள். விமானியைத் திட்டாதீர்கள், அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

இன்னொன்று கிலோமீட்டரிலும் வராது, மணியிலும் வராது. ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும், ஷெங்கன் எல்லைக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய, நார்வேயும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) வெளியே இருக்கிறது. அங்கே தங்க விசா வேண்டாம் என்று படித்துவிட்டுப் பலர் மகிழ்ந்துபோகிறார்கள். ஆனால் நார்வே வழியாகத்தானே போக வேண்டும்? இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் ஒருமுறை நுழைவு விசாவோடு ட்ரொம்சோவைத் தாண்டினால், திரும்பும்போது நுழைவு முடிந்துபோயிருக்கும். குறைந்தது இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் விசாவைக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்லோவில் ஏறி ட்ரொம்சோவில் நின்று போகும் விமானமானால், அங்கே இறங்கிக் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு மறுபடி ஏற வேண்டும். இதற்கும் நேரம் வேண்டும்.

ஆகவே இணைப்பு விமானங்களை ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் விலை குறையலாம்; முதல் விமானம் தாமதமானால் அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது. லாங்யர்பியெனில் கப்பல் ஏறுவதாக இருந்தால் ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள். விடுதி வாடகை அதிகம்தான். கப்பல் கட்டணம் அதைவிடப் பல மடங்கு அதிகம். கப்பலும் உங்களுக்காகக் காத்திருக்காது.