ரெயின்டீர் மாஸ்: பாசியும் இல்லை, கலைமானும் இல்லை

வடதுருவப் பக்கத்துக் குளிர்நாடுகளில் வாழும் ரெயின்டீர் என்ற மான் குளிர்காலத்தில் மேய்வது ‘ரெயின்டீர் மாஸ்’. அதைத் தமிழில் ‘கலைமான் பாசி’ என்று எழுதிவிடுகிறார்கள். இதில் இரண்டு சொல்லுமே தப்பு. ஒரு தப்பு நம்முடையது. இன்னொன்று ஆங்கிலத்திலேயே இருக்கிறது.

முதலில் மான். ‘ரெயின்’ என்பதற்கும் கடிவாளத்தைக் குறிக்கும் அதே ஒலியுள்ள ஆங்கிலச் சொல்லுக்கும் சம்பந்தம் இல்லை. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் ‘ஹ்ரெயின்’ என்பதே இந்த விலங்கின் பெயர். அதோடு ஒட்டிய ‘டியூர்’ என்றால் பொதுவாக விலங்கு. அதே வேரிலிருந்து வந்த ஆங்கில ‘டீர்’ என்ற சொல்லும் முன்பு எந்த விலங்கையும் குறித்து, பிறகுதான் மானுக்கு என்று சுருங்கியது. நமக்கு இது புதிதல்ல. பழந்தமிழில் ‘மான்தேர்’ என்றால் குதிரை பூட்டிய தேர், ‘வயமான்’ என்றால் புலி அல்லது சிங்கம்.

‘கலை’ என்பது ஆண்மானின் பெயர். கலைமான் என்று நம் ஊரில் வழங்குவது கோடியக்கரையில் மேயும் வெளிமானை. ரெயின்டீரிலோ பெண்ணுக்கும் கொம்பு உண்டு. மான் குடும்பத்தில் இந்த ஓர் இனத்துக்குத்தான் அப்படி. அதனால் ‘பனிமான்’ அல்லது ‘துருவமான்’ பொருந்தும்.

அடுத்து ‘மாஸ்’. அது பாசிச்செடி இல்லை, லைக்கன். பூஞ்சையும் பச்சைப்பாசியும் (ஆல்கா) சேர்ந்து ஓருடலாக வாழ்வது. அறிவியல் பெயர் கிளடோனியா ரேஞ்சிஃபெரினா. முதல் பாதிக்குக் கிரேக்கத்தில் கிளை என்று பொருள், பின்பாதிக்குப் பனிமானுடையது என்று பொருள். பெயருக்கேற்றபடி சாம்பல் நிறத்தில், வேரும் இலையும் இல்லாமல், கிளைகள் மட்டும் பிரிந்து பிரிந்து வளரும். ஈரத்தில் கையில் எடுத்தால் பஞ்சுபோல் மெத்தென்று அமுங்கும். காய்ந்த நாளில் அதே கொத்தை அழுத்தினால் நொறுங்கித் தூளாகிவிடும். ஆண்டுக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர்தான் வளர்கிறது என்பதால், மேய்ந்து மிதித்துத் தீர்த்த நிலம் தேற பல பத்தாண்டுகள் ஆகும்.

‘லைக்கன்’ என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் ‘நக்கு’ என்ற வினை. தோலில் படரும் ஒரு நோய்க்கும் அதே பெயர் இருந்தது. செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியும் லைக்கன்தான். நாமும் அதைப் பாசி என்றே சொல்லிவருகிறோம். ஆங்கிலேயரை மட்டும் குறை சொல்வானேன்!

பெயர் பிழையாவதில் என்ன நஷ்டம்? பாசி என்றதும் ஏதோ ஒரு பசுந்தீவனம் என்று நினைத்துவிடுகிறோம். கோடையில் பனிமான் தின்னும் தளிர், இலை, புல்லில் புரதம் நிறைய. குளிர்காலத்து லைக்கனின் உலர் எடையில் புரதம் 2-3 சதவீதம்தான்; தாது உப்பும் குறைவு. இருப்பது பெரும்பாலும் ‘லைக்கெனின்’ என்பது போன்ற மாவுப்பொருள்கள். இவற்றை நம் குடலால் உடைக்க முடியாது. பனிமானின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் உடைத்து ஆற்றல் தருகின்றன. பல லைக்கன்களில் இருக்கும் உஸ்னிக் அமிலம் மற்ற சில விலங்குகளுக்கு நஞ்சு. அதையும் இந்த நுண்ணுயிர்களே சிதைத்துவிடும்.

புரதக் குறையைச் சமாளிக்கும் வழி இன்னும் நுட்பமானது. சிறுநீரில் வெளியேற வேண்டிய யூரியாவைச் சிறுநீரகம் பிடித்து வைக்கிறது. அது உமிழ்நீர் வழியாகவும் இரைப்பைச் சுவர் வழியாகவும் திரும்ப இரைப்பைக்குள் வந்து, நுண்ணுயிர்களுக்கு உரமாகிறது. பெருகிய நுண்ணுயிர்கள் பிறகு குடலில் செரிக்கப்பட்டுப் புரதமாகின்றன. குளிர்காலத்தில் பசியும் தானாகக் குறையும். முன்னால் தீவனத்தைக் கொட்டிவைத்தாலும் கோடையில் தின்ற அளவு தின்னாது. இரைப்பையின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் சின்னச் சின்ன முளைகள்கூட அப்போது சிறுத்துவிடுகின்றன.

இப்படி லைக்கனுக்குப் பழகிய இரைப்பையில் திடீரென்று வேறு தீவனத்தைத் திணித்தால் விபரீதம். பனிமேல் மழை பெய்து உறைந்து மேய்ச்சல் நிலம் பூட்டிக்கொள்ளும்போது மேய்ப்பர்கள் கையால் தீனி போட வேண்டிவரும். தானியத் தீவனத்தை ஒரேயடியாகக் கொட்டினால் இரைப்பை புளித்து அமிலமேறி மான் படுத்துவிடும். முற்றிய வைக்கோலைப் போட்டாலோ நார் உடையாமல் தேங்கும். வயிறு புடைத்திருக்கும், மான் பட்டினியில் சாகும். முதலில் சேகரித்து வைத்த லைக்கனைக் கொடுத்து, அதில் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து, இரண்டு மூன்று வாரத்தில் மாற்ற வேண்டும். பல நாள் பட்டினி கிடந்த மானுக்கு இன்னும் நிதானம் தேவை, நுண்ணுயிர்களே செத்துக் குறைந்திருக்கும்.

இனி தமிழ்ச் சொல். ‘பூஞ்சைப்பாசி’ என்பது பொருளைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் பள்ளிப் பாடத்தில் ‘லைக்கன்’ ஏற்கெனவே ஊன்றிவிட்டது. சுவீடன்காரர்கள் ‘ரென்லாவ்’ என்கிறார்கள். ‘ரென்’ பனிமான், ‘லாவ்’ லைக்கன். அதே அச்சில் ‘பனிமான் லைக்கன்’ என்று எழுதலாம். விளக்க இடமிருந்தால் முதல் தடவை மட்டும் பூஞ்சைப்பாசி என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.