ரிவர்ஸ்: திரும்பாமல் திரும்பும் சொல்

காரைப் பின்னால் எடுப்பதற்கு ரிவர்ஸ் என்கிறோம். சொல்லின் பிறப்பைப் பார்த்தால், அவ்வளவாகப் பொருந்தாத பெயர். லத்தீனில் 'வெர்தெரே' என்றால் திருப்புதல். 'ரே' என்ற முன்னொட்டு சேர்ந்தால் பின்பக்கமாகத் திருப்புதல். அது பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஆனால் ரிவர்ஸில் போகும் கார் திரும்புவதே இல்லை. முன்னே பார்த்தபடியேதான் பின்னே நகர்கிறது.

இந்த வேரின் பிள்ளைகள் ஏராளம். அவற்றில் எனக்குப் பிடித்தது செய்யுளைக் குறிக்கும் 'வெர்ஸ்'. லத்தீனில் 'வெர்சுஸ்' என்பது உழவுசாலையும் குறிக்கும், எழுத்து வரியையும் குறிக்கும். சால் முடிந்ததும் ஏர் திரும்புகிறது. வரி முடிந்ததும் கை திரும்புகிறது. உழவனையும் புலவனையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டார்கள்.

லத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் மூலம் ஒன்று என்பதால் இதே வேர் அங்கே 'வ்ருத்' என்று நிற்கிறது. அதிலிருந்து தமிழுக்கு வந்ததுதான் பாவினத்தின் பெயரான விருத்தம். ஆக, ஆசிரிய விருத்தமும் ஆங்கில வெர்ஸும் தூரத்து உறவு. (விருத்தாசலத்தில் இருக்கும் விருத்தம் வேறு, அது முதுமை.) தாளத்தின் ஒரு சுற்றான ஆவர்த்தனம், கொடுக்கல் வாங்கலான பரிவர்த்தனை எல்லாம் இந்தக் குடும்பம்தான். ரிவர்ஸுக்கு மிக நெருங்கியது நிவர்த்தி. முன்னொட்டு மட்டும் வேறு. மூலப்பொருள் 'திரும்பிச் செல்லுதல்'. தோஷ நிவர்த்தி என்று சொல்லும்போது ஏறக்குறைய ரிவர்ஸ் கியரைத்தான் போடுகிறோம்.

சரி, கியருக்கு வருவோம். கார் பின்னால் போகும்போதும் எஞ்சின் அதே திசையில்தான் சுழல்கிறது. திசையை மாற்றுவது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறு பல்சக்கரம். இரண்டு சக்கரங்கள் பல்லோடு பல் கோத்துச் சுழன்றால் ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்றும். நடுவே மூன்றாவதாக ஒன்றைச் செருகினால் கடைசிச் சக்கரத்தின் திசை புரண்டுவிடும். அந்த இடைச்சக்கரத்துக்கு எத்தனை பற்கள் இருந்தாலும் வேக விகிதம் மாறாது. திசையை மாற்றுவது மட்டுமே அதன் வேலை.

கையால் கியர் போடும் பல கார்களில் ரிவர்ஸ் எடுக்கும்போது 'ஊஊ' என்று ஓர் ஊளை கேட்கும். முன்னோக்கிய கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. ஒன்றோடொன்று வழுக்கியபடி மெல்லச் சேரும். இந்த இடைச்சக்கரமோ பக்கவாட்டில் நகர்ந்து வந்து கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நேராக வெட்டிய பற்களே வசதி. நேரான பல் தன் முழு அகலமும் ஒரே கணத்தில் மோதும். நொடிக்குப் பல நூறு மோதல்கள் சேர்ந்தால் அதுவே ஊளை. மற்ற கியர்களில் வேகத்தைச் சமன்செய்து கோத்துவிடும் வளையம் உண்டு. ரிவர்ஸுக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது. வண்டி முழுவதும் நிற்கும் முன்பே கியரைத் தள்ளினால் 'கர்ர்ர்' என்று அது பல்லைக் கடிப்பது அதனால்தான்.