புத்தி சொல்ல நான் எதற்கு?

இந்த மாதத்தில் இது நான்காவது பிள்ளை. மலேசியாவின் பிறை நகரில் உள்ள என் ஆலோசனை அறைக்குள் நுழையும்போதே அவன் அப்பா ஆரம்பித்துவிட்டார்: "ரொம்பப் பயந்தாங்கொள்ளியா இருக்கான் டீச்சர். நல்லா புத்தி சொல்லுங்க." படிவம் ஒன்று (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு) படிக்கும் பையன், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். புத்தகப்பையைக் கழற்றவே இல்லை.

'ஆலோசனை' என்ற பெயரே ஆலோசகர்களான எங்களுக்கு வினையாகிவிட்டது. அதை அறிவுரை என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். மாதக்கணக்கில் பகடிவதையில், அதாவது சக மாணவர்களின் சீண்டலிலும் அடியிலும் கிடந்த பிள்ளைக்கு அறிவுரைக்கா பஞ்சம்? 'கண்டுக்காதே' என்றார் ஆசிரியர். 'திருப்பி அடி' என்றார் மாமா. 'சாமி கும்பிட்டுட்டுப் போ' என்றார் பாட்டி. எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அவன் காதில் விழுந்தது ஒன்றுதான்: உன்னிடம்தான் ஏதோ குறை. நானும் நாலாவது ஆளாக அதையே சொல்லவா?

நான் அவன் அம்மாவிடம் கேட்டது வேறு. தண்ணீர்ப் போத்தல் சாயங்காலம் எப்படித் திரும்பி வருகிறது?

"அப்படியே நெறைஞ்சு வரும் டீச்சர். சோம்பேறின்னு திட்டுவேன்."

அவனை மடக்கி அடித்த இடம் பள்ளிக் கழிப்பறை. தண்ணீர் குடித்தால் அங்கே போக வேண்டும். இதை வெளியே கொண்டுவர அவனுக்கு மூன்று வாரம் பிடித்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தை வரைந்து, ஒரு மூலையை மட்டும் தாள் கிழியும் வரை கறுப்பாகத் தீட்டினான். அதுவரை நான் எதையும் துருவவில்லை. ஆலோசனை என்பது அந்தக் காத்திருப்புதான். இப்படி அடிபட்ட பிள்ளைகள், பள்ளி மாற்றினாலும் மணி அடித்தால் வயிறு வலிக்கிறது என்பார்கள். அது நடிப்பில்லை.

சில விஷயங்களைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே அறையில் நிறுத்திக் கைகுலுக்க வைக்காதீர்கள். கட்டொழுங்கு ஆசிரியர்களே, உங்களையும் சேர்த்துத்தான். தேதி, காயத்தின் படம், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பள்ளிக்குப் புகாரை எழுத்தில் கொடுங்கள். 'பிள்ளைங்க விளையாட்டு' என்று யாராவது சமாளித்தால், 2025 ஜூலை 11 முதல் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கு எதிரான 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் நடப்பில் உள்ளன என்று நினைவுபடுத்துங்கள்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமே தொடங்கலாம். தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசியின் 15999 எண்ணை இருபத்துநான்கு மணி நேரமும் அழைக்கலாம். வெளியே போவதென்றால், 1998 ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்டால் எங்களுக்குக் கோபம் வராது. 'செத்துப்போயிடலாம்னு இருக்கு' என்று பிள்ளை சொன்னால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். தனியே விடாமல் அன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். என் அறையிலிருந்து வந்த பிள்ளையிடம் காரில் ஏறியதும் "என்னடா சொன்னாங்க, நீ என்ன சொன்னே" என்று தோண்டாதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள். போகிற வழியில் ஒரு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து, அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.