அரைமண்டி: முழங்கால் வலிக்கு இடுப்பைப் பாருங்கள்

பரதநாட்டிய வகுப்பில் முதல் மாதம் பெரும்பாலும் இரண்டு வேலைதான். அரைமண்டியில், அதாவது பாதங்களைப் பக்கவாட்டில் விரித்து முழங்காலைப் பாதி மடக்கிய நிலையில், உட்கார வேண்டும்; அது கலையாமல் தட்டடவு, அதாவது காலைத் தரையில் தட்டும் அடிப்படைப் பயிற்சி, போட வேண்டும். வயது வந்தபின் ஆசையோடு சேருகிறவர்கள் முழங்கால் வலிக்கிறது என்று நின்றுபோவதும் இந்தக் கட்டத்தில்தான். வலி முழங்காலில் இருந்தாலும் கோளாறு பல நேரங்களில் இடுப்பில் தொடங்குகிறது.

தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்தியிருப்பதால் தொடை எல்லாத் திசையிலும் சுழலும். முழங்கால் கீல் மூட்டு. மடங்கும், நீளும், முறுக்குவதற்கு அதில் இடம் மிகக் குறைவு. ஆகவே பாதங்களைப் பக்கவாட்டில் விரிக்கும் வேலையை இடுப்புதான் செய்தாக வேண்டும். பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு தொடை சுமார் 45 பாகை வெளிப்புறம் திரும்பும். இரண்டும் சேர்ந்தால் 90. மேடையில் 180 பாகைக்கு விரிந்த பாதங்களைப் பார்த்துவிட்டு, முதல் நாளே பாதத்தை மட்டும் அந்த அளவுக்குத் திருப்பினால், இடுப்பு தராத மீதியை முழங்காலும் கணுக்காலும் ஏற்கின்றன. முழங்காலின் உட்பக்க ஜவ்வு இழுபடுகிறது, உள்ளங்கால் வளைவு தரையில் சரிகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. இடுப்பு மூட்டின் முன்பக்கம் தடித்த ஜவ்வு ஒன்று இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது அது இறுகி, தொடை வெளிப்புறம் திரும்புவதைத் தடுக்கிறது. தொடை மடங்கினால் தளர்கிறது. புதிதாகக் கற்பவர்கள் அரைமண்டியில் பின்பக்கத்தைத் தள்ளுவது இதனால்தான். இடுப்பு முன்புறம் சாய்ந்ததும் ஜவ்வு தளர்ந்து, பாதம் இன்னும் கொஞ்சம் விரிகிறது. விலையைக் கீழ்முதுகு கொடுக்கிறது. மண்டியில் கூடுதலாக விரித்த பாதத்தை அப்படியே வைத்துக்கொண்டு எழுந்தால் ஜவ்வு மறுபடி இறுகும். தரையில் பதிந்த பாதம் நகராது. நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால்.

உங்கள் கோணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். குதிகால்களைச் சேர்த்து, முழங்கால் நேராக நில்லுங்கள். எடையைக் குதிகாலில் வைத்து, முன்பாதங்களை லேசாகத் தூக்கி, தொடையோடு சேர்த்து வெளிப்புறம் திருப்பி இறக்குங்கள். இன்றைக்கு உங்கள் விரிவு அவ்வளவுதான். இனி முதுகு நேராக இருக்க, மெதுவாக மடங்குங்கள். முழங்கால் சில்லு பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும். பெருவிரலைத் தாண்டி முன்னால் சரிந்தால் பாத விரிவைக் குறையுங்கள். குதிகால் தரையை விட்டு எழப் பார்க்கும் இடத்துக்குச் சற்று மேலேயே நிறுத்துங்கள். கெண்டைக்கால் தசை இறுக்கமாக இருப்பவர்களுக்கு அந்த இடம் சீக்கிரமே வந்துவிடும்.

தட்டடவில் காலைப் பின்பக்கம் மடக்கித் தூக்கி, உள்ளங்கால் முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி தட்ட வேண்டும். காது நல்ல சோதனை: ஒரே சத்தம் கேட்டால் சரி. இரண்டாகப் பிரிந்து கேட்டால் குதிகாலோ விரல்களோ முந்துகின்றன. குதிகால் முந்தினால் அதிர்ச்சி சிறிய பரப்பில் குவிந்து முன்னங்கால் எலும்பு வழியே மேலேறும். தட்டும் காலைத் தூக்குவதற்கு முன்பே எடை மற்ற காலுக்குப் போயிருக்க வேண்டும்; இல்லையென்றால் உடம்பு ஒவ்வொரு தட்டுக்கும் ஆடும்.

தட்டடவுக்குச் சொல்லும் 'தெய்யா தெய்' என்ற சொற்கட்டு மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், வரும். முதல் காலத்தில் நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் இரண்டாம் காலத்தில் 120, மூன்றாம் காலத்தில் 240. ஒரு தட்டுக்குக் கால் வினாடிதான். தொடை களைத்ததும் உடம்பு தன்னையறியாமல் எழும்பிவிடும். பிறகு மடங்கிய முழங்கால் தாங்க வேண்டிய அதிர்ச்சி முதுகுக்குப் போகும். முதல் காலத்திலேயே வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள். அவர் தொடைக்கு வலு சேர்க்கிறார்.

தரையும் முக்கியம். கான்கிரீட்டின் மேல் பதித்த கிரானைட் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. அடியில் இடைவெளி விட்டுப் போட்ட மரத்தரை கொடுக்கும். வீட்டில் டைல்ஸ் என்றால் மண்டியை மட்டும் பழகுங்கள், ஓங்கித் தட்ட வேண்டாம். வகுப்புக்கு அடுத்த ஓரிரு நாள் தொடை வலிப்பது இயல்பு, தானே போய்விடும். முழங்காலில் குத்தும் வலியோ வீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சேருவதற்கு முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். உடம்பைச் சூடாக்கும் பயிற்சி இருக்கிறதா, ஆளுக்கு ஆள் பாத விரிவு மாற அனுமதிக்கிறார்களா என்று கவனியுங்கள். முன்பு முழங்காலில் அடிபட்டிருந்தால் முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். முழங்காலை முழுவதும் மடக்கி உட்காரும் முழுமண்டி அடவுகள் பின்னால் வரும். அவற்றுக்கு மாற்று கொடுக்க அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.