‘நன்முறையில் இயங்குகிறது’ என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள்

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தலைமை ஆசிரியர் மேசை மேல் பார்வையாளர் பதிவேடு இருக்கும். புரட்டிப் பாருங்கள். ‘பள்ளியைப் பார்வையிட்டேன். நன்முறையில் இயங்குகிறது. பாராட்டுகள்.’ பக்கத்துக்குப் பக்கம் இதேதான். கையெழுத்தும் தேதியும் மட்டும் மாறும். ஆசிரியர் பயிற்றுநராக ஏற்காட்டு மலைக் கிராமப் பள்ளிகளுக்குப் போய்வருகிறேன். இந்த வாசகத்தைப் படித்து முகம் மலர்ந்த ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

மலையில் பல பள்ளிகள் ஈராசிரியர் பள்ளிகள். 2009 கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை இருவருமே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதில் ஒருவர் தலைமை ஆசிரியர் வேறு. எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, கூட்டம், பதிவேடு எல்லாம் அவர் தலையில். சேலத்திலிருந்து வருகிறவர் என்றால் அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, மேலே பஸ் மாறி, இறங்கி நடக்கவும் வேண்டும். இவ்வளவையும் கண்ணால் பார்க்கக்கூடியவர் அந்த இன்னொரு ஆசிரியர் மட்டுமே. அவர் பயிற்சிக்குப் போன நாளில் அதுவும் இல்லை.

அதனால், பாராட்டுகிறவர் முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில், கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்கம்), மொட்டு (இடை), மலர் (மேல்) என்று மூன்று நிலைப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். ஒரு டீச்சர் தரையில் உட்கார்ந்து அரும்புக் குழுவுக்கு எழுத்து அட்டை காட்டிக்கொண்டிருந்தார். மலர்க் குழுப் பிள்ளை ஒன்று பக்கத்துப் பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டியது. அறையில் சத்தம்தான், ஆனால் சும்மா இருந்த பிள்ளை இல்லை. ‘மூன்று குழுவுக்கும் ஒரே நேரத்தில் வேலை இருந்தது, வாசிக்கத் தெரிந்த பிள்ளையைத் துணைக்கு வைத்தது நல்ல யோசனை’ என்று பதிவேட்டில் எழுதினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, நான் கேட்காமலே, ஓர் அம்மா வந்து சொன்னதைச் சொன்னார்: “டீச்சர், எம்புள்ள பஸ் போர்டப் பாத்து நாகலூர்னு படிச்சிருச்சுங்க.” விருது வாங்கியவர்கூட அந்தக் குரலில் பேச மாட்டார்.

செப்டம்பர் 5 அன்று சால்வை போர்த்துவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சால்வை சமையலறைப் பக்கம் போவதே இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு உண்டு. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். மார்கழிப் பனியில் மணி அடிக்கும் முன் கிச்சடியும் சாம்பாரும் தயாராக வேண்டுமென்றால் அந்த அக்கா எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? மதியத்துக்குச் சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர். கழிப்பறை கழுவ ஒரு தூய்மைப் பணியாளர். ஆண்டு விழா மேடையில் இவர்கள் பெயரையும் வாசியுங்கள்; ‘ஆயாம்மா’ என்று பொதுவாக அல்ல, பெயர் சொல்லி.

தலைமை ஆசிரியர்களுக்கும் மேலிருக்கும் நமக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. “நீங்க நல்லா செய்றீங்க டீச்சர், இதையும் நீங்களே பாத்துக்குங்க.” நன்றாகச் செய்கிறவருக்குக் கிடைக்கும் பரிசு கூடுதல் வேலை! இரண்டே பேர் இருக்கும் இடத்தில் ஒருவரை மட்டும் எல்லார் முன்னும் தூக்கி வைப்பதும் வேண்டாம். மறுநாள் முதல் அந்த இருவருக்கும் பேச்சு நின்றுபோகும். பெற்றோரிடம் வசூல் செய்து பரிசு வாங்குவது அறவே கூடாது. கூலி வேலைக்குப் போகிறவர்களிடம் 50 ரூபாய் கேட்டு வாங்கும் கடிகாரம் எந்த டீச்சருக்கும் உறுத்தும்.

பெற்றோர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பிள்ளை வீட்டில் புதிதாக ஒன்றைச் செய்தால் பள்ளியில் வந்து சொல்லுங்கள், அந்த அம்மா சொன்ன மாதிரி. தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் உள்ளாட்சி வழியாக வருகிறது. சிறு தொகை, அதுவும் தாமதமாவது உண்டு. அவர் வாய் திறந்து கேட்கத் தயங்குவார். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தலைவரும் பெற்றோரே. எந்த மாதம் வரை சம்பளம் வந்திருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். பாக்கி இருந்தால் தீர்மானம் எழுதி, கிராம சபையிலும் வையுங்கள்.