யூக்ரோனி: இல்லாத காலத்துக்கு ஒரு பெயர்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. முதல் உலகப் போரின்போது, 1914இல் சென்னையைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்தக் கேப்டன் மட்டும் சுட்ட கையோடு இங்கே ஆட்களை இறக்கியிருந்தால் கோட்டையில் ஜெர்மன் கொடி பறந்திருக்கும்" என்றார் ஒருவர். பக்கத்தில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா." பேச்சு அதோடு அடங்கிவிட்டது. எனக்குத்தான் அடங்கவில்லை.

நடக்காததை நடந்ததாக வைத்துக்கொண்டு மேலே எண்ணிப் பார்க்கும் இந்த வகை வரலாற்றுக்கு ஐரோப்பாவில் யூக்ரோனி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஷார்ல் ரெனூவியே உண்டாக்கிய சொல். கிரேக்க மொழியில் 'ஊ' என்பது இன்மையைக் குறிக்கும். 'க்ரோனோஸ்' என்றால் காலம். 1516இல் தாமஸ் மோர் இல்லாத இடத்துக்கு யுடோபியா என்று பெயர் சூட்டினார் அல்லவா, அதே அச்சில் இல்லாத காலத்துக்கு வார்த்த பெயர் இது.

பெயர்தான் புதிது, பழக்கம் மிகப் பழையது. கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டி வாழ்ந்த ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி, அலெக்சாந்தர் ரோம் மீது படையெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டு, ரோம்தான் வென்றிருக்கும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அலெக்சாந்தர் ஒற்றை ஆள், ரோமிடமோ ஒருவர் போனால் இன்னொருவர் என்று தளபதிகள் வரிசையாக இருந்தார்கள் என்பது அவர் வாதம். ஊர்ப்பாசம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் படைத்தலைமையை எடைபோட்டுப் பேசியிருக்கிறார், வெறும் ஆசையைப் பேசவில்லை.

தமிழில் இதை 'மாற்று வரலாறு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்று எழுதும் வரலாற்றையும் நாம் மாற்று வரலாறு என்றுதான் சொல்கிறோம். அது நடந்த கதை, மறைக்கப்பட்ட கதை. அதற்கும் கற்பனைக்கும் ஒரே பெயர் வைப்பது அநியாயம். (சவுகார்பேட்டை நகைப் பட்டறையில் கேட்டால், மாற்று என்பது தங்கத்தின் தரம் என்பார்கள். அந்தப் பொருளில் என்றால் பரவாயில்லை.)

நம் அணியிலக்கணத்திலேயே கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொல் இருக்கிறது: இல்பொருள். அன்பில்லாத வாழ்க்கை 'வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று' என்கிற குறளைப் பள்ளியில் இல்பொருள் உவமைக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருப்போம். வறண்ட வலிய நிலம் உண்டு, பட்ட மரம் உண்டு, தளிரும் உண்டு. மூன்றும் ஓரிடத்தில் கூடுவதுதான் இல்லை. உறுப்புகள் எல்லாம் மெய், கூட்டு மட்டும் பொய். ஆகவே யூக்ரோனிக்கு 'இல்பொருள் வரலாறு' என்பேன். அதற்கு வேண்டிய பண்பை 'நம்பகத்தன்மை' என்பதும் சரியில்லை. அது சாட்சிக்கும் தராசுக்கும் உரியது. 'பொருத்தப்பாடு' என்றால் போதும். ஜாதகம் பார்ப்பதுபோல ஆளும் ஆணையும் கையிருப்பும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

டீக்கடையில் ஜெர்மன் கொடி ஏற்றியவரின் கட்சியை இதில் வைத்துப் பார்ப்போம். எம்டனில் இருந்தவர்கள் ஏறத்தாழ 360 பேர். அந்தக் கடலில் துணைக்கு வேறு போர்க்கப்பல் இல்லை. கேப்டன் கார்ல் வான் முல்லர் செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் வந்து, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரியவிட்டு, அரைமணி நேரத்துக்குள் போய்விட்டார். அடித்துவிட்டு மறைவதே அவர் பாணி. ஒரே ஒருமுறை ஆட்களைக் கரையிறக்கினார்: நவம்பர் 9, இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவு, கம்பியில்லாத் தந்தி நிலையத்தை உடைக்க ஐம்பது பேர். அவர்கள் கரையில் இருக்கும்போதே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்துவிட்டது. ஆட்களை அங்கேயே விட்டுவிட்டுப் புறப்பட்ட எம்டன் அன்றே ஒழிந்தது. காசிமேட்டில் இறக்கியிருந்தால் என்ற கேள்விக்குக் கோகோஸில் விடை கிடைத்துவிட்டது. பொருத்தம் இல்லை.

பொருந்துகிற கிளை வேறிடத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் 13, பசிபிக் கடலில் பாகன் தீவு. எம்டன் சேர்ந்திருந்த ஜெர்மன் கப்பற்படையின் தலைவர் அட்மிரல் வான் ஸ்பீ கேப்டன்களைக் கூட்டி, படையைத் தென்னமெரிக்கா பக்கம் கொண்டுபோகும் எண்ணத்தைச் சொன்னார். இந்தியப் பெருங்கடலுக்கு அத்தனை கப்பல்களோடு போனால் நிலக்கரிக்கு வழியில்லை. அப்போது முல்லர், ஒரு கப்பலையாவது அங்கே அனுப்பலாமே என்றார். ஸ்பீ ஒப்புக்கொண்டு எம்டனையே கொடுத்தார். அவர் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். கப்பல்களைப் பிரிக்கத் தயங்கும் தளபதி அதிசயப் பிறவி அல்ல. யாருடைய குணத்தையும் நாம் திருத்த வேண்டியதில்லை, ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

அந்தச் சொல் மாறியிருந்தால் உயர்நீதிமன்ற மதிலில் குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் பலகை இருக்காது. தமிழில் 'எம்டன்' என்ற வசைச்சொல்லும் இருக்காது. ஓட்டைப் பிரித்து உறியிலிருந்த வெல்லத்தை நான் எடுத்த அன்று, ராயபுரத்து வீட்டு வாசலில் நின்று என் பாட்டி "சரியான எம்டன்" என்று கத்தினாள். அவளுக்கு ஜெர்மனியின் எம்டன் நகரமும் தெரியாது, கப்பலும் தெரியாது. எமனுக்கு உறவு என்று நினைத்திருப்பாள். அந்த இல்பொருள் வரலாற்றில் அவள் என்னை 'எமகாதகன்' என்று திட்டியிருப்பாள். வெல்லம் என்னவோ போயிருக்கும்.